தண்ணீர்த் திருவிழாவுக்கு நடுவே பெரிய வெள்ளி: பர்மாத் தமிழ்ப் பங்குகளின் தவக்காலம்

2017 ஏப்ரல் 14 அன்று ரங்கூன் தமிழர் வீடுகளில் மூன்று நாட்கள் ஒரே நாளாக வந்தன. சித்திரை முதல் நாள், பர்மியரின் திஞ்சான் தண்ணீர்த் திருவிழா, பெரிய வெள்ளி. அடுத்த வீட்டில் புத்தாண்டுப் பாயசம் கொதிக்கிறது. தெருமுனையில் மேடை போட்டுக் குழாயால் தண்ணீர் பீய்ச்சுகிறார்கள். நடுவில் கறுப்புச் சேலை கட்டிய பாட்டி ஒருவர் சிலுவைப்பாதைக்கு, அதாவது இயேசுவின் பாடுகளைப் பதினான்கு நிலைகளாக நினைத்துச் செபிக்கும் வழிபாட்டுக்கு, போய்ச் சேர வேண்டும். 2006-லும் இதே நிலைதான். 2028-லும் பெரிய வெள்ளி ஏப்ரல் 14-இல்தான் வருகிறது.

உயிர்ப்புத் திருநாளுக்கு (ஈஸ்டர்) முந்தைய நாற்பது நாள் நோன்பான தவக்காலத்தின் அடிப்படைச் சட்டங்கள் உலகக் கத்தோலிக்கருக்கெல்லாம் ஒன்றே. ஆனால் பர்மாவில் தமிழர் நிறைந்த ஒரு பங்கில், அதாவது ஒரு கோயிலைச் சேர்ந்த மக்கள் சமூகத்தில், அந்த நாற்பது நாட்கள் எப்படி நடக்கும் என்பதை வெயில், திஞ்சான், மொழி ஆகிய மூன்றும் சேர்ந்தே முடிவு செய்கின்றன. இவற்றைக் கணக்கில் எடுக்காமல் போட்ட திட்டம், உயிர்ப்புக்கு முந்தைய ஞாயிறான குருத்தோலை ஞாயிறு தாண்டுவதற்குள் குலைந்துவிடும்.

முதலில் நாட்காட்டி. உயிர்ப்பு ஞாயிறு மார்ச் 22-க்கும் ஏப்ரல் 25-க்கும் இடையில் எந்த நாளிலும் விழலாம். திஞ்சானோ சூரியக் கணக்கு என்பதால் ஏப்ரல் நடுவிலிருந்து அசையாது. உயிர்ப்பு ஏப்ரல் 14 முதல் 20 வரை வரும் ஆண்டுகளில் புனித வாரம் தண்ணீருக்குள் மாட்டிக்கொள்ளும். 2014, 2017, 2022, 2025 எல்லாம் அப்படிப்பட்ட ஆண்டுகள். பர்மாவில் கிறிஸ்துமஸ் அரசு விடுமுறை, பெரிய வெள்ளி விடுமுறை இல்லை. ஆகவே மார்ச் கடைசியில் பெரிய வெள்ளி வந்தால் மக்கள் வேலைக்குப் போய்விடுவார்கள், மூன்று மணி வழிபாட்டில் பாதிப் பெஞ்சு காலி. திஞ்சானில் வந்தால் எல்லோருக்கும் விடுமுறை, ஆனால் தெருவில் கால் வைக்க முடியாது. இந்த இரண்டு வகை ஆண்டுகளுக்கும் ஒரே நேர அட்டவணை செல்லாது. பங்குப்பேரவை ஜனவரியிலேயே உட்கார்ந்து எது எந்த வகை என்று பார்த்துவிட வேண்டும்.

தமிழருக்கு இன்னொரு பொருத்தமும் உண்டு. உயிர்ப்பு நாள் பௌர்ணமியை வைத்துக் கணக்கிடப்படுவதால், பங்குனி உத்திரமும் புனித வாரமும் பெரும்பாலும் ஒரே நிலாவைப் பங்கிட்டுக்கொள்கின்றன. 2023-இல் பங்குனி உத்திரம் ஏப்ரல் 5, பெரிய வெள்ளி ஏப்ரல் 7. 2024-இல் மார்ச் 25, மார்ச் 29. கோயில் திருவிழாவுக்கு விரதம் இருக்கும் இந்துக் குடும்பமும் ஒருசந்தி இருக்கும் கத்தோலிக்கக் குடும்பமும் ஒரே வரிசை வீடுகளில் ஒரே வாரத்தில் மரக்கறி சமைக்கின்றன. கலப்பு மணம் சாதாரணமாகிவிட்ட ஊர்களில் இது ஒரே அடுப்பாகவும் இருக்கும்.

ஒருசந்தி, சுத்தபோசனம் என்ற இரண்டு பழைய சொற்களும் பர்மாத் தமிழ்க் கத்தோலிக்கப் பெரியவர்கள் வாயில் இன்னும் உயிரோடு இருக்கின்றன. இரண்டும் ஒன்றல்ல. ஒருசந்தி என்றால் நாளில் ஒரே ஒரு முழுச் சாப்பாடு. காலையிலும் இரவிலும் சிறிது எடுக்கலாம், அந்த இரண்டையும் சேர்த்தாலும் ஒரு முழுச் சாப்பாடு ஆகக் கூடாது. இது 18 வயது நிறைந்தவர் முதல் 59 வயது நிறையும் வரை. சுத்தபோசனம் என்றால் இறைச்சி தொடாதிருப்பது, இது 14 வயதிலிருந்து, மேல் வரம்பு இல்லை. தவக்காலம் தொடங்கும் திருநீற்றுப் புதனும் பெரிய வெள்ளியும் இரண்டுக்கும் உரிய நாட்கள். தவக்கால வெள்ளிகள் சுத்தபோசனத்துக்கு மட்டும். ஞாயிறு ஒறுத்தல் நாள் இல்லை. புதன் முதல் புனித சனி வரை 46 நாளில் ஆறு ஞாயிறு கழித்தால்தான் நாற்பது கிடைக்கிறது.

பர்மியச் சாப்பாட்டுக் கடையில் இந்தச் சட்டம் எப்படிப் பொருந்துகிறது என்று இளையவர்கள் ஒவ்வொரு ஆண்டும் கேட்கிறார்கள். மொஹிங்கா மீன் குழம்பு. அதில் போடும் அவித்த முட்டையும் சுரைக்காய்ப் பஜ்ஜியும் ஆகும், வெள்ளிக்கிழமைக்குத் தடையில்லை. ஙாப்பி விழுது மீனிலும் இறாலிலும் செய்வது, அதுவும் ஆகும். தேங்காய்ப்பால் கௌசுவே என்ற நூடுல்ஸ் கோழிக்கறியில் செய்வது, ஆகாது. கறியை ஒதுக்கிவிட்டுச் சாறு மட்டும் குடிக்கலாமா என்றால், 1917-ஆம் ஆண்டுச் சட்டத் தொகுப்பு இறைச்சிச் சாற்றையும் பெயர் சொல்லித் தடுத்தது. 1966-இல் திருத்தந்தை ஆறாம் பவுல் மாற்றியமைத்த விதி இறைச்சியை விலக்கச் சொல்லி, முட்டை, பால் பொருட்கள், விலங்குக் கொழுப்பில் செய்த தாளிப்பு இவற்றை அனுமதித்தது. கோழி போட்டுக் காய்ச்சிய குழம்பைத் தாளிப்பு என்று சொல்ல முடியாது. தேநீர்க்கடையில் காலையில் அவித்த பட்டாணியும் ரொட்டியும் கிடைக்கிற நாட்டில் வெள்ளிக்கிழமையைச் சமாளிப்பது அப்படி ஒன்றும் கடினமில்லை.

கடினம் வெயிலில்தான் இருக்கிறது. மார்ச், ஏப்ரலில் ரங்கூனில் 37, 38 பாகை சாதாரணம். மாண்டலே பக்கம் 40-ஐத் தாண்டும். தண்ணீர் ஒருசந்தியை முறிக்காது என்பதைத் திருநீற்றுப் புதன் அன்றே பீடத்திலிருந்து சத்தமாகச் சொல்ல வேண்டும். தண்ணீரும் குடிக்காமல் வெயிலில் வேலை செய்து, மாலைச் சிலுவைப்பாதையில் மயங்கி விழுகிறவர்கள் இருக்கிறார்கள். நோயாளி, கர்ப்பிணி, பால் கொடுக்கும் தாய், கடும் உடலுழைப்பில் இருப்பவர் இவர்களுக்கு விலக்கு உண்டு. சர்க்கரை வியாதிக்காரர் மருந்தைத் தள்ளிப்போடக் கூடாது. விலக்கு எடுத்துக்கொள்வதைக் குறைவாக நினைக்கிற பழக்கம் நம்மவர்களிடம் ஆழமாக ஊறியிருக்கிறது. அதைத் தனித்தனியாக வீடு சென்று பேசித்தான் மாற்ற முடியும்.

திருநீறு. மூத்தவர்கள் இன்னும் விபூதிப் புதன் என்றே சொல்வார்கள். போன ஆண்டுக் குருத்தோலைகளை எரித்துச் செய்வது என்பது எல்லோருக்கும் தெரியும், செய்யும் முறையில்தான் தவறுகள் நடக்கின்றன. இரண்டு வாரம் முன்பே வீடுகளிலிருந்து ஓலைகளைச் சேகரிக்க வேண்டும். சிலுவையாக மடித்துச் சுரூபத்துக்குப் பின்னால் செருகிய ஓலைகளில் நூல், ஒட்டுத்தாள், ஜிகினா, சில வேளை செம்புக் கம்பிகூட இருக்கும். அவற்றைக் கழற்றாமல் எரித்தால் பிளாஸ்டிக் உருகித் திருநீறு கட்டிகட்டியாகிவிடும். ஈரம் தட்டிய ஓலையை ஒரு நாள் வெயிலில் போட்டு எடுத்து, இரும்புச் சட்டியில் கொஞ்சம் கொஞ்சமாக எரித்து, தணல் நன்றாக ஆறின பிறகு அம்மியில் அரைத்து, பழைய வேட்டித் துணியில் இரண்டு முறை சலிக்க வேண்டும். சலிக்காத சாம்பலில் நார்முனை இருந்து நெற்றியைக் கீறும். ஐந்நூறு பேருக்கு மூன்று மேசைக்கரண்டி போதும்.

முக்கியமான எச்சரிக்கை ஒன்று உண்டு. ஓலை முழுக்க எரிந்து வெளுத்த சாம்பலில் தண்ணீர் ஊற்றிக் குழைத்தால் அது காரநீராக மாறித் தோலைப் புண்ணாக்கும். முதல் நாள் இரவே குழைத்து வைத்துவிட்டால் இன்னும் மோசம். பர்மா வெயிலில் நெற்றி வியர்வையே அந்த வேலையைச் செய்துவிடும். ஆகவே முழுதும் வெளுக்க விடாமல், கரியாக இருக்கும்போதே சட்டியை மூடி அணைத்துவிடுவது நல்லது. கறுப்பும் தெளிவாகப் பதியும். குழைத்தே ஆக வேண்டுமென்றால் தண்ணீருக்குப் பதில் இரண்டு சொட்டுத் தேங்காய் எண்ணெய். இல்லாவிட்டால் உலர்ந்தபடியே உச்சந்தலையில் தூவலாம்.

குருத்தோலை ஞாயிறுக்கும் இதே கவனம் வேண்டும். தென்னைக்கு வளரும் முனை ஒன்றே ஒன்று. விரியாத குருத்தை அடியோடு இழுத்து வெட்டினால் மரம் பட்டுப்போகும், தோப்புக்காரர் அடுத்த ஆண்டு கேட்டை மூடிவிடுவார். வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் மேல்பகுதியை மட்டும் அறுத்து எடுக்க வேண்டும். முதிர்ந்த தென்னையின் ஒரு மட்டையில் ஏறக்குறைய இருநூறு கீற்று இருக்கும். அறுத்ததில் சிறிது வீணானாலும் ஒரு குருத்து நூறு பேருக்கு வரும். சனிக்கிழமை மாலைதான் அறுக்க வேண்டும். வெள்ளிக்கிழமை அறுத்தது ஞாயிறு காலைக்குள் ஓரம் பழுத்துவிடும். ஈரத் துணியில் சுற்றி நிழலில் வைத்தால் நிறம் நிற்கும்.

இனி மொழி. தவக்காலத்தில் பர்மாத் தமிழ்ப் பங்குகளின் உயிர்நாடி இதில்தான் இருக்கிறது.

1856-இல் பர்மாவின் மறைப்பணியைப் பாரிஸ் வேற்றுநாட்டு மறைபரப்புச் சபை ஏற்றது. அதே சபைதான் புதுச்சேரியிலும் பணி செய்தது. ஆகவே துறைமுகத்துக்கும் வயலுக்கும் ரயில்பாதைக்கும் வேலைக்கு வந்த தமிழருக்குத் தங்கள் சபைக் குருக்களை இங்கேயும் காண முடிந்தது. தாய்மொழியில் பூசை செய்யலாம் என்று 1963-இல் இரண்டாம் வத்திக்கான் சங்கம் கதவு திறந்தது. அந்த ஆண்டுகளில்தான் பர்மாவிலிருந்து இந்தியர்கள் கப்பல் கப்பலாக வெளியேறிக்கொண்டிருந்தார்கள். 1965-இல் தனியார் பள்ளிகள் அரசுடைமை ஆயின. நாடு சுதந்திரம் அடைந்த பிறகு வந்த அயல்நாட்டுக் குருக்களும் கன்னியரும் 1966-இல் போக வேண்டியதாயிற்று. பூசை தமிழில் வரலாம் என்றபோது தமிழில் பூசை வைக்க ஆள் இல்லை, தமிழ் படிக்கப் பள்ளியும் இல்லை. பூசை பர்மியத்துக்குப் போனது. மறைக்கல்வி சொல்லித்தரும் உபதேசியார் கையில் இருந்த செபமாலையும் சிலுவைப்பாதையும் மட்டும் தமிழில் நின்றன. சிலுவைப்பாதைக்குக் குரு கட்டாயம் இல்லை, ஒரு புத்தகமும் கூட்டிச்செல்ல ஒருவரும் போதும். இன்றும் பல ஊர்களில் ஆண்டு முழுவதும் பர்மியத்தில் செபிக்கும் பிள்ளைகள் தமிழில் வாய் திறப்பது தவக்கால வெள்ளிகளில்தான்.

அந்தப் பிள்ளைகளில் பலருக்குத் தமிழ் எழுத்து தெரியாது. பர்மிய எழுத்தில் தமிழை எழுதிவைத்துப் படிக்கிறார்கள். இதைக் குறை சொல்லிப் பயனில்லை. எங்கே தவறுகிறது என்று தெரிந்துகொண்டு சரிசெய்வதுதான் வேலை. பர்மியத்தில் ழ-வுக்கும் ற-வுக்கும் எழுத்தே இல்லை. ள-வுக்குப் பாலிச் சொற்களுக்காக ஒரு எழுத்து இருந்தாலும் ஒலி ல-தான். அதைவிடப் பெரிய தொல்லை சொல்லின் கடைசி எழுத்தில் வருகிறது. பர்மிய அசை உயிரொலியிலோ மூக்கொலியிலோ தொண்டை அடைப்பிலோதான் முடியும். எனவே 'பாவங்களால்' என்பதில் கடைசி ல் விழுங்கப்படும். ஒவ்வொரு நிலையிலும் சொல்லப்படும் 'அதேதென்றால்' என்ற பழைய சொல்லைப் பாருங்கள். அதன் கடைசி ல் போய்விட்டால் 'அதேதென்றா' என்று பாதியில் நிற்கும், அடுத்த வரி ஏன் வருகிறது என்றே கேட்பவருக்குப் புரியாது. கடைசி மெய்யை அடுத்த வரியில் தனி எழுத்தாக எழுதி, அதற்கு மேல் ஒரு புள்ளி வைத்துப் பழக்கினால் இரண்டு வாரத்தில் நாக்கு பிடித்துக்கொள்ளும். பொருளையும் கூடவே சொல்லித் தர வேண்டும். 'அதேதென்றால்' என்றால் 'ஏனென்றால்' என்று சொன்னதும் பிள்ளைகளின் குரலே மாறிவிடும்.

பதினான்கு நிலைகளும் பாட்டும் முழந்தாளிடுதலும் சேர்த்துத் தமிழில் ஒரு மணி நேரம். பர்மியத்திலும் ஒவ்வொரு சிந்தனையைத் திருப்பிச் சொன்னால் ஒன்றரை மணிக்குப் போய்விடும், பின்வரிசை கலைந்துவிடும். ஒற்றைப்படை நிலைகள் தமிழில், இரட்டைப்படை பர்மியத்தில் என்று மாற்றி மாற்றி வைத்து, பாட்டை மட்டும் முழுக்கத் தமிழில் விடுவது நன்றாக ஓடும். எல்லாவற்றையும் பர்மியத்துக்கு மாற்றி 'எல்லோருக்கும் புரியட்டும்' என்பவர்கள் உண்டு. நல்லெண்ணம்தான். ஆனால் ஒரு தலைமுறை மாற்றிவிட்டால் அடுத்த தலைமுறைக்குத் திரும்பக் கொடுக்க ஆளிருக்காது. பழமையைப் பிடிவாதமாக வைத்திருப்பதாகத் தோன்றினாலும் பாட்டை விட்டுவிடாதீர்கள்.

குருவிடம் பாவங்களைச் சொல்லி மன்னிப்புப் பெறும் பாவசங்கீர்த்தனத்தில் மொழிச் சிக்கல் வேறு விதம். பாட்டிக்குத் தமிழ் மட்டும், குருவுக்குப் பர்மியமும் தம் இன மொழியும் மட்டும். திருச்சபைச் சட்டம் 990 மொழிபெயர்ப்பாளரை வைத்துக்கொள்ள அனுமதிக்கிறது. அவருக்கும் இரகசியம் காக்கும் கடமை உண்டு. சொந்த மகளையோ மருமகளையோ அந்த இடத்தில் உட்கார வைக்கக் கூடாது, பாட்டி எதையும் சொல்ல மாட்டார். பாட்டிக்கு அறிமுகமில்லாத வயதான ஒருவர் நல்லது. இன்னும் நல்ல வழி, அண்டைப் பங்கில் தமிழ் தெரிந்த குரு இருந்தால் தவக்கால நான்காம் வாரத்தில் ஒரு மாலைக்கு அவரை அழைப்பது. ஆளுக்கு மூன்று நிமிடம் என்றாலும் இருநூறு பேருக்குப் பத்து மணி நேரம் ஆகும். நான்கு குருக்கள் வந்தால் இரண்டரை மணி. புனித வாரத்துக்கு என்று தள்ளிவைத்தால் எந்தக் குருவும் கிடைக்க மாட்டார்.

தருமத்துக்குக் கைப்பிடி அரிசிப் பழக்கம் பல வீடுகளில் இருக்கிறது. உலை வைக்கும்போது ஒரு கைப்பிடியை எடுத்துத் தனி டப்பாவில் போடுவது. ஒரு கைப்பிடி சுமார் 50 கிராம், நாற்பது நாளில் 2 கிலோ, அதாவது பர்மிய அளவில் ஏறக்குறைய ஒரு பி, டின்பால் டப்பாவால் எட்டு. ஐம்பது வீடு சேர்ந்தால் நூறு கிலோ. இதில் இரண்டு சங்கடம். வெயில் காலத்தில் வண்டு விழும், அதனால் பதினைந்து நாளுக்கு ஒரு முறை கோயிலுக்குக் கொண்டுவந்து வெயிலில் உலர்த்த வேண்டும். ஒவ்வொரு வீட்டு அரிசியும் ஒவ்வொரு ரகம், ஒன்றாகக் கொட்டினால் ஒன்று குழைந்து மற்றொன்று வேகாது. புது அரிசி, பழைய அரிசி, ஒட்டரிசி என்று மூன்று மூட்டையாகப் பிரித்தாலே போதும்.

பெரிய வெள்ளிக் கஞ்சிக்கு இந்த அரிசியிலிருந்தே எடுக்கலாம். சந்தையில் இன்னும் வீசைக் கணக்குதான், நம் சொல்தான். ஒரு வீசை 1.63 கிலோ. இரண்டு வீசை அரிசிக்குப் பத்து மடங்கு தண்ணீர், அதாவது 32 லிட்டர், ஒரு பிடி வெந்தயம், அரை வீசை பாசிப்பருப்பு, உரித்த பூண்டு. எண்பது பேருக்கு ஆளுக்கு ஒரு பெரிய கிண்ணம் வரும். உப்பைக் கடைசியில் போடுங்கள். தேங்காய்ப்பாலை அண்டாவில் ஊற்றாமல் பரிமாறும்போது தனியாக விடுங்கள், ஏப்ரல் வெயிலில் பால் சேர்ந்த கஞ்சி சீக்கிரம் புளிக்கும். காலையில் காய்ச்சி மாலை வரை அப்படியே வைத்திருந்து கொடுப்பது கூடவே கூடாது. வயிற்றுப்போக்குக்கு அதைவிட நேர்வழி இல்லை.

புனித வார நேரங்கள். பெரிய வெள்ளி வழிபாடு பிற்பகல் மூன்று மணி அளவில் நடப்பது மரபு. காரணம் இருந்தால் தள்ளலாம், ஆனால் இரவு ஒன்பதைத் தாண்டக் கூடாது. திஞ்சான் ஆண்டில் தண்ணீர் வீச்சு காலை ஒன்பதளவில் சூடுபிடித்து மாலை ஆறு மணிக்கு ஓயும். ஆகவே சிலுவைப்பாதை காலை ஆறு மணிக்கு, திருப்பாடுகள் வழிபாடு மாலை ஆறரைக்கு. இடையில் வருகிறவர்களுக்கு உடை மாற்ற ஓர் அறையும் நாலு துண்டும் வைத்திருந்தால், நனைந்துபோய் வாசலிலேயே திரும்பிவிடுகிறவர்கள் உள்ளே வருவார்கள். இளைஞர்களைத் தண்ணீர் விளையாடாதே என்று தடுப்பதைவிட, சிலுவை தூக்கும் வேலையை அவர்கள் கையில் கொடுப்பது பலன் தருகிறது. மெழுகுதிரி, சாம்பிராணி, கரி, அரிசி எல்லாம் ஏப்ரல் 10-க்குள் வாங்கிவிட வேண்டும். அதன் பிறகு சந்தைகள் ஒரு வாரத்துக்கு மேலும் மூடிக்கிடக்கும், பேருந்தும் குறைந்துவிடும். கோயில் வளாகத்துக்கு வெளியே ஊர்வலம் போவதானால் பேட்டை அலுவலக அனுமதி முன்கூட்டியே வேண்டும்.

2025-இல் இந்தத் திட்டங்கள் எல்லாவற்றையும் நிலநடுக்கம் புரட்டிப்போட்டது. மார்ச் 28, தவக்கால மூன்றாம் வார வெள்ளிக்கிழமை, மதியம் 12:50-க்கு 7.7 அளவில் சாகாயிங், மாண்டலே பகுதிகள் குலுங்கின. விரிசல் விட்ட கோயிலுக்குள் மக்களைக் கூட்ட முடியாது. சுவர் நிற்கிறதே என்று நம்பி உள்ளே போவது ஆபத்து, பின்னதிர்வுகள் வாரக்கணக்கில் தொடரும். திறந்தவெளி வழிபாட்டுக்குத் தேவையானவை குறைவுதான். மதிலிலிருந்தும் கோபுரத்திலிருந்தும் அதன் உயரத்துக்குக் குறையாத தூரத்தில் மூங்கில் பந்தல், பேட்டரி ஒலிபெருக்கி, காற்றில் அணையாத கண்ணாடிக் கூண்டு விளக்கு, பதினான்கு மரச் சிலுவைகள். சிலுவைப்பாதைக்குப் படம் கட்டாயம் இல்லை, மரச் சிலுவைதான் வேண்டியது. இரண்டு மூங்கில் பிளாச்சைக் கயிற்றால் கட்டி ஊன்றினால்கூட நிலை ஆகிவிடும்.

உயிர்ப்புக்கு முந்தைய இரவு வழிபாடான பாஸ்கா திருவிழிப்பு இருட்டிய பிறகே தொடங்க வேண்டும். ரங்கூனில் ஏப்ரல் நடுவில் பொழுது 6:20 வாக்கில் சாய்கிறது. ஏழுக்கு முன் நெருப்பு மூட்டினால் பாஸ்காப் புகழுரை பாடும்போது வானம் வெளுப்பாகவே இருக்கும். ஏழேகாலுக்குத் தொடங்குங்கள். இரவு நடமாட்டத் தடை இருந்தால் முடிவு நேரத்திலிருந்து பின்னோக்கிக் கணக்குப் போடுங்கள், மக்கள் வீடு போய்ச்சேர முக்கால் மணி விட்டு. பழைய ஏற்பாட்டு வாசகம் ஏழு, நெருக்கடியில் மூன்றாகக் குறைக்கலாம், செங்கடலைக் கடக்கும் விடுதலைப் பயண வாசகத்தை மட்டும் எக்காரணத்தாலும் விடக் கூடாது. அதைத் தமிழில் வாசிக்கும் பங்குகளும் உண்டு. கப்பலேறி வந்தவர்களின் பேரப்பிள்ளைகள் அதைக் கேட்கும் விதமே வேறு. மின்சாரம் போகும் என்றே வைத்துத் திட்டமிடுங்கள். ஜெனரேட்டரைக் கோயிலின் பின்புறம், காற்று எதிர்ப்பக்கம் அடிக்கும் இடத்தில் வைத்து, வானவர் கீதத்துக்கு மணி அடிக்கும்போது இயக்கினால் போதும். அதுவரை பாஸ்காத் திரியிலிருந்து கை மாறிக் கை மாறிப் போன வெளிச்சமே வாசகருக்கும் போதும். புத்தகத்தருகே இரண்டு திரி கூடுதலாக வையுங்கள், கண் மங்கிய உபதேசியார்தான் பெரும்பாலும் அங்கே நிற்பார்.